மேடா, பள்ளமா? – காசில் பிழை பார்க்கும் பாடம்



சென்ற ஆடி மாதம், இவ்வூர்க்காரர்கள் கர்க்கடகம் என்று சொல்லும் மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து நின்றார். ஒரு கையில் குடை, மறுகையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பக்கத்தில் அவருடைய மகள். ஃபோர்ட் கொச்சி தோபிக்கானாவில் துணி வெளுத்துத் தேய்க்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். டச்சுக்காரர்கள் காலத்தில் தங்கள் முன்னோர் இங்கே அழைத்து வரப்பட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். எனக்குக் கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டு வேட்டி, சேலையெல்லாம் அவர் அப்பா கையாலும் பிறகு இவர் கையாலும் கஞ்சி போட்டு வந்தவைதாம்.

பாட்டில் நிறையச் சில்லறை. துணிகளின் பையில் கிடந்து வந்த காசு. கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது போக, யாரும் கேட்காமல் நின்றுவிட்டதை அவர் அப்பா காலத்திலிருந்து அந்தப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

“சார், இதிலே மூணு லட்ச ரூபாய் காசு ஒண்ணு இருக்கு. நீங்க பேங்க்ல காசு எண்ணினவங்க. ஒரு வாட்டி பார்த்துச் சொல்லணும்” என்றார்.

விஷயம் இதுதான். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்ட வேண்டும். யாரோ அனுப்பிய வீடியோவில், பிழையோடு அச்சான ஒரு ரூபாய்க் காசு லட்சக்கணக்கில் விலை போகும் என்று கண்டார்கள். பாட்டிலைக் கொட்டித் தேடியதில் அதே மாதிரி ஒன்று அகப்பட்டது. படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பினார்கள். உடனே பதில். மூன்று லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணமாக 1,950 ரூபாய் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று. அனுப்பிவிட்டார். மறுநாள் வரி என்று 12,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். நாளை மதியத்துக்குள் கட்டாவிட்டால் வேறொருவர் காசை வாங்கிக்கொள்வோம் என்று கெடு வேறு. மனைவியின் தோட்டை அடகு வைக்கப் போகிற வழியில்தான், மகள் பிடிவாதம் பிடித்ததால் என் வீட்டில் ஏறியிருக்கிறார்.

நான் முப்பத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில். நாணயம் சேர்க்கும் பழக்கமும் உண்டு. ‘இது மோசடி’ என்று ஒரே சொல்லில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்தபோது, வெறும் சொல்லை அவர் ஏற்கமாட்டார் என்று தோன்றியது. மூன்று லட்சத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் காரணம் வேண்டும். ஆகவே மேஜை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பூதக்கண்ணாடியையும் சின்னத் தராசையும் எடுத்து வைத்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு பாடமே நடத்தினேன். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கொழுக்கட்டை அச்சும் நாணய அச்சும்

நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் அதில் பிழை பார்க்க முடியாது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். சூடேற்றி இளக்கி, விளிம்பைச் சற்றே உயர்த்தி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துப் பெரும் விசையோடு அடிக்கிறார்கள். ஒரு அச்சில் தலை, மற்றதில் பூ. உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி ஓடாதபடி சுற்றிலும் ஒரு வளையம் இருக்கும்; அதற்குக் காலர் என்று பெயர். ஒரே அடியில் தலை, பூ, விளிம்பு மூன்றும் வந்துவிடுகின்றன. ஒரு ஜோடி அச்சு லட்சக்கணக்கான முறை அடிக்கும்; அடிக்க அடிக்கத் தேயும், விரியும், அழுக்கேறும்.

இந்த இடத்தில் என் மனைவி உள்ளே போய், விரிசல் விட்ட பிளாஸ்டிக் கொழுக்கட்டை அச்சைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நான் அரைமணி நேரம் விளக்கியிருக்க வேண்டியதை அந்த அச்சு ஒரு நொடியில் விளக்கிவிட்டது. அச்சில் விரிசல் இருந்தால் கொழுக்கட்டையில் என்ன வரும்? மாவு அந்த விரிசலுக்குள் புகுந்து, மேலெழுந்த ஒரு கோடாக நிற்கும். பள்ளமாக அல்ல, மேடாக. அச்சின் பூ வேலைப்பாட்டில் பழைய மாவு காய்ந்து ஒட்டியிருந்தால், கொழுக்கட்டையில் அந்தப் பூ மழுங்கிப்போகும்.

நாணயமும் அப்படியே. காசின் மேல் ஒரு கோட்டைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மேடா, பள்ளமா? கோடு மேடாக இருந்தால், அச்சு விரிந்திருந்தபோது அடிக்கப்பட்ட காசு. நாணயச் சாலையிலேயே ஏற்பட்டது. கோடு பள்ளமாக இருந்தால், பெரும்பாலும் வெளியே வந்தபின் ஆணியோ சாவியோ கீறியது. அது பிழையல்ல, சேதம். கண்ணால் தெரியாவிட்டால் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதிலும் தெரியும்.

அந்தப் பெண் பாட்டிலைத் துணியில் கொட்டினாள். பத்து நிமிடத்தில் பதினோரு காசில் ‘கோடு’ கண்டுபிடித்தாள். அவற்றில் ஒன்பது பள்ளம். இரண்டு மேடு. அந்த இரண்டும் உண்மையான அச்சு விரிசல்கள். ஒன்றில் முடி போன்ற கோடு எண்ணின் அடியிலிருந்து விளிம்புவரை ஓடியிருந்தது. “இதுக்கு எவ்வளவு தாத்தா?” என்றாள். ஒரு ரூபாய் என்றேன். ஏமாந்துதான் போனாள். ஆனால் காரணம் எளிது. ஒரு விரிந்த அச்சு மாற்றப்படும் முன் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிவிடும். அதனால் முடிக்கோடு விரிசல்கள் உலகெங்கும் எல்லா நாட்டுச் சில்லறையிலும் மலிந்து கிடக்கின்றன. அச்சின் விளிம்பு உடைந்து ஒரு துண்டே விழுந்துவிட்டால், காசின் ஓரத்தில் உருவமற்ற ஒரு கட்டி நிற்கும். அதைச் சேகரிப்பவர்கள் கொஞ்சம் விரும்புவார்கள்.

எழுத்து மழுங்கியிருப்பதற்கும் இரண்டு காரணங்கள் உண்டு. தேய்மானம் என்றால் காசின் உயர்ந்த பாகமெல்லாம் சேர்ந்தே தேயும். சிங்கத்தின் மார்பு முதலில் வழுவழுப்பாகும். அச்சுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால், ஒரே ஒரு எழுத்து காணாமல் போயிருக்க, பக்கத்து எழுத்து கூர்மையாகவே நிற்கும். பிசுக்கடைத்த காசும் மலிவுச் சரக்குதான்.

‘குறி இல்லாத’ காசு

இனி அந்த மூன்று லட்ச ரூபாய்க் காசுக்கு வருவோம். 1998 என்று ஆண்டு போட்ட எவர்சில்வர் ஒரு ரூபாய். அதில் இரண்டு பிழைகள் இருப்பதாக அந்தப் பேர்வழி சொல்லியிருந்தானாம். ஒன்று, ஆண்டுக்குக் கீழே இருக்க வேண்டிய குறி விடுபட்டுப்போயிற்று. இரண்டு, எழுத்துகள் இரட்டையாக விழுந்திருக்கின்றன.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இப்போது நான்கு நாணயச் சாலைகள் உள்ளன: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. (சென்னையிலும் ஒன்று இருந்தது, 1869-ல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.) ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் 1988-ல் தொடங்கிய நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஆம், கொல்கத்தா குறி போடுவதில்லை. குறி இல்லாததே அதன் குறி. கோடிக்கணக்கான காசுகள் அவ்விதம் வந்திருக்கின்றன. இவர் கையிலிருந்தது கொல்கத்தாக் காசு. அவ்வளவுதான்.

இதேபோல் 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆங்கில ‘எச்’ எழுத்தைக் கண்டு துள்ளிக் குதிப்பவர்களும் உண்டு. உள்நாட்டில் தேவைக்கேற்ப அடிக்க முடியாமல் பிரிட்டனில் பர்மிங்ஹாமில் அடித்து வரவழைத்த காசு அது. பிழையே அல்ல. 2012-ல் வைஷ்ணவ தேவி உருவத்தோடு வந்த ஐந்து, பத்து ரூபாய்க் காசுகளைப் பற்றியும் ஓயாமல் கதை கட்டுகிறார்கள். அவை நினைவு நாணயங்கள். எண்ணிக்கையில் குறைந்தவையும் அல்ல.

இரண்டாவது, இரட்டை எழுத்து. இதுதான் படித்தவர்களையும் ஏமாற்றும். உண்மையான இரட்டை அச்சு என்பது, அச்சைச் செய்யும்போதே உருவம் சற்று விலகி இரண்டு முறை பதிந்துவிடுவது. அப்போது அந்த அச்சில் பிறக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை வரும்; எழுத்து வழக்கத்தைவிடத் தடித்து, இரண்டு உருவமும் முழு உயரத்தில் உருண்டையாக நிற்கும். அமெரிக்காவில் 1955-ல் ஃபிலடெல்ஃபியா சாலையில் ஒரு சென்ட் காசுகள் இப்படி வந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை மக்கள் கைக்குப் போய்விட்டன. ஆண்டு எண் இரண்டாக இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அங்கே இருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

மற்றொரு வகை, யந்திர நடுக்கத்தால் வருவது. அடித்து முடித்த கணத்தில் அச்சு ஆடி, எழுத்தின் ஓரத்தைச் சப்பையாக நசுக்கிவிடும். கொழுக்கட்டையை எடுக்கும்போது கை நடுங்கினால் பூவின் ஓரம் இழுபடுவதில்லையா, அது போல. இதில் எழுத்து தடிப்பதில்லை, மெலிகிறது. ஓரத்தில் படிக்கட்டு மாதிரி தட்டையான ஒரு தளம் மினுங்கும். இது எங்கும் காணப்படுவது, விலையில்லை.

அந்தப் பெண்ணையே பார்க்கச் சொன்னேன். என் கருத்தை முன்னால் சொல்லவில்லை. கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். வெளியே மழைச் சத்தம் மட்டும். பிறகு, “சப்பையா இருக்கு தாத்தா. படிக்கட்டுதான்” என்றாள். அவள் அப்பா ஒன்றும் பேசவில்லை. காசைத் தராசில் வைக்கச் சொன்னேன். 4.8 கிராம் சொச்சம். இந்த ரகத்துக்குரிய எடை 4.85. வில்லையிலும் குறையில்லை என்று பொருள். தராசின் சின்னத் திரையில் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நானும் ஏமாந்தவன்தான்

அவர் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தார். ஆகவே என் கதையைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. யூதர் தெருவில், 1568-ல் கட்டிய பரதேசி சினகாக்குக்குப் போகும் வழியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டல்லவா, அவற்றில் ஒன்றில் ஒரு ரூபாய்க் காசு காட்டினார்கள். இரண்டு பக்கமும் தலை! பூவே கிடையாது. நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். அன்றைய என் சம்பளத்துக்கு அது சின்னத் தொகையல்ல. வீட்டில் சொல்லவுமில்லை.

சில வருடம் பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன். ஒரு நாள் எங்கள் தலைமைக் காசாளர் அதை வாங்கி, பளிங்குத் தரையில் போட்டார். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டொக்’ என்று கேட்டது. “தம்பி, இது வித்தைக்காரன் காசு” என்றார். ஒரு காசைக் குடைந்து, இன்னொரு காசின் தலைப்பக்கத்தைக் கடைந்து அதற்குள் பொருத்தியிருந்தார்கள். விளிம்பின் உட்புறம் முடியளவு ஓர் இணைப்புக் கோடு. பொதுவாகத் தலையச்சும் பூவச்சும் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாதபடிதான் யந்திரத்தில் அமைகின்றன. எனவே இருதலைக் காசைக் கண்டால் முதலில் விளிம்பைப் பாருங்கள். நான் அந்த விளிம்பைப் பார்க்காததற்குக் காரணம், பார்க்க விரும்பாததுதான்.

பார்க்கத் தகுந்த பிழைகள்

சரி, எதுதான் சேகரிப்பவர்களுக்குப் பொருட்டு? ஒரு பொதுவிதி சொல்லலாம்: கண்ணாடி இல்லாமல் கைநீட்டுத் தூரத்தில் தெரிகிற பிழை, நாணயச் சாலையில்தான் நேர்ந்தது என்று காட்டக்கூடிய பிழை, அபூர்வமாகத் தப்பி வந்த பிழை. மூன்றும் சேர வேண்டும்.

சோமாசுக்கு மாவு வெட்டும்போது டம்ளரை முன்பு வெட்டிய இடத்தில் தப்பாக வைத்தால் ஓரத்தில் பிறை போலக் குறையும். வில்லை வெட்டும்போதும் அது நடக்கும். அவ்விதம் பிறைக்குறை விழுந்த காசில், குறைக்கு நேர் எதிர்ப்புற விளிம்பும் சற்று மழுங்கியிருப்பது வழக்கம். ஏனெனில் விளிம்பை உயர்த்தும் யந்திரத்தில் அந்த இடத்தில் அழுத்தம் கிடைப்பதில்லை. அரத்தால் அராவிக் குறைத்த காசில் இந்த அடையாளம் இராது. போலி செய்பவன் குறையைச் செய்துவிடுவான், எதிர்ப்பக்கத்தை மறந்துவிடுவான்.

வில்லை நடுவில் அமராமல் அடிபட்டால் உருவம் பாதி ஓரத்தில் விழுந்து, மறுபாதி வெறுமையாக இருக்கும். முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் ஒருபுறம் தலை சரியாகவும், மறுபுறம் அதே தலை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிக் குழிவாகவும் வரும். ஒரு மதிப்புக்குரிய வில்லையில் வேறு மதிப்பின் அச்சு விழுவதும் உண்டு. அதற்கு எடை பார்த்தே சாட்சி சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2008-ல் புது வடிவம் கொண்டுவந்தபோது, பழைய தலைப்பக்கத்தோடு புதிய பூப்பக்கத்தைச் சேர்த்து அடித்துவிட்டார்கள். பழையதில் ஆண்டு பூப்பக்கம் இருந்தது, புதியதில் தலைப்பக்கம். விளைவு, ஆண்டே இல்லாத இருபது பென்ஸ்! நம்மவர் பிள்ளைகள் லண்டனில் இருந்தால் சில்லறையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு முகமதிப்பைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

நம் நாட்டுக் காசில் இப்படிப்பட்ட பெரும் பிழைகளுக்குச் சேகரிப்பவர்கள் நூறுகளில் விலை பேசுவார்கள், நல்ல பொருளானால் ஆயிரங்களில். சில்லறைப் பாட்டிலிலிருந்து லட்சம் வருவதை என் அனுபவத்தில் கண்டதில்லை.

கொஞ்சம் வரலாறு

பிழை என்பது ஒரு சரியான வடிவம் இருந்தால்தான் உண்டு. நம் கொச்சியின் பழைய வெள்ளிக் காசான புத்தனை எடுத்துக்கொள்ளுங்கள்; சங்கு முத்திரை போட்ட சிறு காசு. கையால் அடித்தது. வில்லை ஒழுங்கான வட்டமாக இராது, சங்கு பாதி வெளியே போயிருக்கும். அதைப் ‘பிழைக் காசு’ என்று கூடுதல் விலைக்கு விற்க வந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் காலத்துக் கைவேலையில் நடுவில் சரியாக அமைந்ததுதான் அபூர்வம்! அதே யூதர் தெருவில் டச்சுக் கம்பெனியின் செப்புக்காசும் பார்க்கலாம். 1663 முதல் 1795 வரை அவர்கள் இங்கே இருந்தார்களே. அதில் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரை பின்னிப் பிணைந்திருக்கும்: வி, ஓ, சி. ஊரிலிருந்து வந்த என் மைத்துனர் அதைப் பார்த்து, “அட, நம்ம வ.உ.சி. காசெல்லாம் அடிச்சாரா?” என்றார். கப்பல் கம்பெனி நடத்தியவர்தான், 1906-ல் தூத்துக்குடியில், காசு அடிக்கவில்லை.

பிழையே இல்லாமல் அடித்தும் பெரும் தொல்லை கொடுத்த ஒரு காசு உண்டு. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் வெள்ளி ரூபாய். மன்னர் அணிந்த மாலையில் ஒரு யானை உருவம். தும்பிக்கையும் காலும் குட்டையாக அமைந்ததால் அது பார்வைக்குப் பன்றியைப் போல இருந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் மனம் புண்பட்டார்கள். 94 லட்சம் ரூபாய் அடித்ததில் சுமார் 7 லட்சமே வெளியே போயிருந்தன. மீதியை நிறுத்தி உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். யந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வரைந்தவர் கை செய்த காரியம் அது. இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்றால் சேகரிப்பவர்களுக்குத் தெரியும்.

சேதம் என்று நான் ஒதுக்கிய பள்ளக் கோட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ல் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது, 501 காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே கொள்க என்று காட்டவே வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. விற்பவன் கண்ணுக்குச் சேதம். வரலாறு படிப்பவனுக்கு அந்த வெட்டுதான் செய்தி.

கடைக்காரர் கண்ணில் பிழை

சேகரிப்பவர்களை விட்டுவிட்டு நம் அன்றாடப் பாட்டுக்கு வருவோம். காசில் சிறு வித்தியாசம் இருந்தால் அது செல்லுமா? தாராளமாகச் செல்லும். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, வேண்டுமென்று சிதைக்கப்படாமலும் உரிய அளவுக்குக் கீழ் எடை குறையாமலும் இருக்கும் காசு சட்டப்படி செல்லும்; ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசுகளை ஒரே சமயத்தில் ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் மட்டும் 2011 ஜூன் 30-உடன் போய்விட்டன.

ஆனால் சட்டம் ஒன்று, பஸ் கண்டக்டர் ஒன்று. 2019-ல் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தோம். கொச்சியில் எல்லோரும் வாங்கிய பத்து ரூபாய்க் காசுகள் என் பையில் நிறைய. அங்கே ஒருவரும் தொடவில்லை. “இது செல்லாதுங்க, இதுல பத்து கோடுதான் இருக்கு” என்றார் ஒருவர். அடுத்த கடைக்காரர், “பதினஞ்சு கோடு போட்டதுதான் டூப்ளிகேட்” என்றார்! மொழி தெரிந்த ஊரில் கையில் காசு இருந்தும் டீ குடிக்க முடியாமல் நின்றோம்.

உண்மை என்னவென்றால், ரூபாய்க் குறியீடு 2010-ல் வந்தது; 2011 முதல் காசுகளில் அது இடம்பெற்று, கோடுகள் பத்தாயின. அதற்கு முந்தைய, குறியீடு இல்லாத ஒரு வகையில் பதினைந்து கோடுகள். இரண்டும் நல்ல காசே. நினைவு நாணயங்களையும் சேர்த்து அப்போது பத்து ரூபாயில் பதினான்கு வடிவங்கள் இருந்தன. அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-ல் அறிவித்தது. 14440 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தால் பதிவு செய்த குரலிலேயே விளக்கம் சொல்லும்படியும் செய்தது. வடிவம் மாறுவது பிழையல்ல, போலியும் அல்ல. இதை ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள்; நான் சொன்னேன், அந்தக் கல்யாண வீட்டில் மொய் எழுதினவர் மட்டும் நம்பினார்.

பாட்டிலின் மிச்சம்

அந்தப் பெண் அதற்குள் மீதிக் காசுகளைப் புரட்ட ஆரம்பித்திருந்தாள். காசை மேலும் கீழும் இரு விரலால் பிடித்துப் பக்கத்தைத் திருப்புவதுபோல் இடவலமாகத் திருப்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நம் நாட்டுக் காசில் அப்படித் திருப்பினால் இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். (அமெரிக்கக் காசில் தலைகீழாகும்; அது அவர்கள் வழக்கம்.) சில பாகை சாய்வு சகஜம், பொருட்டில்லை. “தாத்தா, இது படுத்துக்கிடக்கு” என்றாள். பழைய கனத்த ஐந்து ரூபாய். சிங்கம் நேராக நிற்க, மறுபக்கத்து ஐந்து, கட்டிலில் படுத்தவர் போல் பக்கவாட்டில். அச்சு பிடிப்பு தளர்ந்து கால் வட்டம் சுழன்றிருக்கிறது. எடை சரியாக 9 கிராம். சந்தேகமில்லாத உண்மைப் பிழை, கண்ணாடி இல்லாமலே தெரிவது.

அவள் அப்பா உடனே அதை வாங்கி வேட்டி நுனியில் அழுத்தித் துடைக்கப் போனார். தொழில் பழக்கம்! கையைப் பிடித்து நிறுத்தினேன். புளி, எலுமிச்சை, சோப்புத்தூள் எதையும் காசுமேல் போடாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைக் கண்டால் சேகரிப்பவர் முகம் சுளிப்பார். மேற்பரப்பு போனால் மீண்டும் வராது.

பிறகு அந்தப் பேர்வழியின் விஷயம். பழைய காசு வாங்க, விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள், தனக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவன் பணம் கொடுப்பான். விற்கிறவனிடம் முன்பணம் கேட்கமாட்டான். அன்றிரவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவரைக் கொண்டே அழைத்துப் புகார் எழுதிவைத்தோம். மறுநாள் மதியத்துக்குள் அந்தப் பேர்வழி ஒன்பது தடவை கூப்பிட்டானாம். பத்தாவது தடவை பெண் எடுத்து, “எழுத்து மெலிஞ்சிருக்கா, தடிச்சிருக்கா, அதைச் சொல்லுங்க முதல்ல” என்று கேட்டிருக்கிறாள். வைத்துவிட்டான்.

1,950 ரூபாய் இந்தக் கட்டுரை எழுதும்வரை திரும்பி வரவில்லை. படுத்த ஐந்து ரூபாய்க்கு எர்ணாகுளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் முன்னூறு தருவதாகச் சொன்னார். அவள் விற்கவில்லை. தோடு அடகுக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறது. கல்லூரிப் பணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பாரம் நிரப்பியது நான், கையெழுத்து அவள் அப்பா. பாட்டிலில் மிச்சமிருந்த காசைப் பழைய என் கவுண்டரிலேயே கொடுத்தோம். 25 பைசாக்களைத் தள்ளி, 743 ரூபாய். முடிக்கோடு விரிசல் விட்ட இரண்டையும் அந்தப் பெண் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தன் கைப்பையிலிருந்து இரண்டு ரூபாய் போட்டாள்.